சேப்பாக்கம் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், திருவல்லிக்கேணி பழைய வீட்டில் குடியேறலாமா?

கடலோரம்82

எல்லோருக்கும் வணக்கம். ஒரு முடிவு எடுக்க முடியாமல் பத்து நாளாகத் தவிக்கிறேன், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

என் மனைவிக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்திருக்கிறது. துறை சேப்பாக்கம் வளாகத்தில். இப்போது ஊரப்பாக்கத்தில் இருக்கிறோம். அங்கிருந்து மின்சார ரயிலில் பார்க் நிலையம் வந்து, பார்க் டவுனுக்கு நடந்து, பறக்கும் ரயில் பிடித்துச் சேப்பாக்கத்தில் இறங்க வேண்டும். போக வர மூன்றரை மணி நேரம் போய்விடுகிறது. மகளுக்கு ஆறு வயது. அம்மாவும் எங்களோடுதான், அவருக்கு மூட்டு வலி.

பார்த்தசாரதி கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் ஒரு போர்ஷன் காலியாக இருக்கிறது. திண்ணை, ரேழி, முற்றம் எல்லாம் உள்ள பழைய வீடு. கீழே பின்கட்டு எங்களுக்கு. முன்கட்டில் வீட்டுக்கார அம்மா தனியாக இருக்கிறார், வயது 74. மாடியில் நான்கு கல்லூரி மாணவர்கள். வாடகை 13,000, முன்பணம் பத்து மாதம் கேட்கிறார்கள். மெட்ரோ தண்ணீருக்கு அடிபம்பு. வண்டி நிறுத்தத் தெருவைத் தவிர இடமில்லை.

மனைவிக்கு வீடு ரொம்பப் பிடித்துவிட்டது. என் அண்ணன், "அந்த நெரிசலுக்குள்ள போய் ஏன் மாட்டிக்கிற" என்கிறார். அங்கே வாழ்ந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பெரியதெருக்காரர்

தம்பி, எனக்கு 63 வயது. பிறந்தது, படித்தது, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்தது எல்லாம் இதே ஊரில்தான். ஊர் என்றுதான் சொல்வோம், ஏரியா என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

முதலில் தண்ணீர். கடல் கூப்பிடு தூரம். பல தெருக்களில் போர் போட்டால் உப்புதான் வரும். குளிக்க, துவைக்க அது. குடிக்க, சமைக்க மெட்ரோ தண்ணீர். நம் தெருக்களில் அது விடியற்காலையில் வரும், யாராவது எழுந்து அடித்துப் பிடித்து வைக்க வேண்டும். அந்த வீட்டில் சம்ப் இருக்கிறதா என்று கேளுங்கள். மோட்டார் யாருடைய மீட்டரில் ஓடுகிறது என்றும் கேளுங்கள். போர்ஷன் வீடுகளில் பாதிச் சண்டை அதில்தான் ஆரம்பிக்கும்.

அடுத்தது திருவிழா. சித்திரையில் பார்த்தசாரதிக்குப் பிரம்மோற்சவம், ஆனியில் அதே கோயிலில் உள்ள நரசிம்மர் அழகியசிங்கருக்கு. மாசியில் தெப்பம். மார்கழியில் வைகுண்ட ஏகாதசி அன்று ராத்திரியே வரிசை கட்டிவிடும், அந்த நாட்களில் மாட வீதிகளில் வண்டி நுழைய முடியாது. சேப்பாக்கம் மைதானத்தில் மேட்ச் என்றால் பெல்ஸ் ரோடும் வாலாஜா சாலையும் அன்று நமக்கு இல்லை. இதையெல்லாம் தொந்தரவு என்று நினைப்பவர் இங்கே வரக்கூடாது. என் பேத்திக்கு வீட்டு வாசலிலேயே தேர் வருகிறது. ரம்ஜான் மாதத்தில் சாயங்காலமானால் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலைப் பக்கம் நோன்புக் கஞ்சி வாசனை. 1795-ல் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசலில், மயிலாப்பூரிலிருந்து சிந்தி இந்துக்கள் வந்து நோன்பு திறக்கும் உணவைப் பரிமாறுவதைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மனைவி ஆய்வு மாணவி என்றதும் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். 1913 மே மாதம் கணித மேதை ராமானுஜனுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. அந்தக் காலத்தில் அவர் குடும்பத்தோடு குடியிருந்தது இங்கே அனுமந்தராயன் கோயில் தெருவில். அடுத்த மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டார். அவருடைய மனைவி ஜானகி அம்மாள் பிற்காலத்தில் பல பத்தாண்டுகள் திருவல்லிக்கேணியிலேயே தையல் வேலை செய்து வாழ்ந்து, 1994-ல் காலமானார். பல்கலைக்கழகம் 1857-ல் வந்தது. அன்றிலிருந்து படிக்க வருகிறவர்களுக்கு இடம் கொடுத்தே வளர்ந்த ஊர் இது. வாருங்கள்.

விலகிவந்தவள்

பெரியவர் சொன்னது எதுவும் பொய் இல்லை. ஆனால் மூட்டு வலி உள்ள அம்மா இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் என் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் 31 வருடம் அங்கே இருந்தோம். எங்கள் தெரு எட்டடி அகலம், இரண்டு பக்கமும் இருசக்கர வண்டிகள். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த ராத்திரி ஆம்புலன்ஸ் தெருமுனையோடு நின்றுவிட்டது. நானும் மாடியில் இருந்த இரண்டு பையன்களும் அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். நடுவில் நான்கு வண்டிகளை நகர்த்த வேண்டியிருந்தது. ஒன்று பூட்டியிருந்தது, அதை அந்தப் பையன் அப்படியே தூக்கி ஓரத்தில் வைத்தான். அப்பா பிழைத்தார். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஆறு மாதத்தில் மேடவாக்கம் வந்துவிட்டோம்.

பழைய வீட்டில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா? எங்கள் வீட்டில் முற்றம் தாண்டி, கொல்லைக் கடைசியில். மழை நாளில் அம்மா குடை பிடித்துக்கொண்டு போவார். ஒவ்வொரு நிலைவாசலிலும் ஒரு படி உயரம் உண்டு. ரேழியிலிருந்து கொல்லை வரை எத்தனை படி என்று உங்கள் அம்மாவை நடக்கவைத்து எண்ணிப் பாருங்கள்.

கடலோரம்82

அக்கா, எழுதியதற்கு நன்றி. தெரு அகலத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. கழிப்பறை பின்கட்டிலேயே இருக்கிறது, ஆனால் இந்திய முறை. சனிக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு போய் மறுபடி பார்க்கிறேன். கூரை, சுவர் எல்லாம் எப்படிப் பார்ப்பது என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். சுவர் கீழே கொஞ்சம் உதிர்ந்திருந்தது.

சுண்ணாம்புச்சாந்து

பழைய வீடுகளைப் பழுது பார்ப்பதுதான் என் தொழில், 22 வருடம் ஆகிறது. போகும்போது ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்துக்கொண்டு போங்கள்.

அங்கே பழைய வீடு என்றால் அநேகமாக மெட்ராஸ் டெரஸ் தளமாக இருக்கும். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் மெல்லிய சின்னச் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்து வைத்து ஒட்டிக்கொண்டே போவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள். கடைசியில் மேலே தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, பதிப்பார்கள். இப்படிப் போட்ட தளம் நூறு வருடம் நிற்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெயில் காலத்தில் கான்கிரீட் வீட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் மத்தியானம் இரண்டு மணிக்குத் தெரியும்.

கட்டையின் நடுப்பகுதியைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். கட்டை சுவருக்குள் நுழையும் இடம்தான் முக்கியம். ஏணி போட்டு ஏறி, அந்த முனையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்துங்கள். ணங்கென்று நின்றால் சரி. வெண்ணெயில் போவது போல உள்ளே போனால் கரையானோ மழைத் தண்ணீரோ வேலையைக் காட்டிவிட்டது என்று அர்த்தம். அப்படி ஒன்றிரண்டு இருந்தால் மாற்றலாம். ஒரே அறையில் நாலைந்து இருந்தால், வீட்டுக்காரர் சரிசெய்து தரும்வரை குழந்தையை அங்கே படுக்கவைக்காதீர்கள். மாடியில் மாணவர்கள் தண்ணீர் டிரம் வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். 200 லிட்டர் டிரம் 200 கிலோ. அதைச் சுவரோரமாக வைக்கச் சொல்லுங்கள்.

சுவர் உதிர்வது ஓதம், தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம். முழங்கால் உயரம் வரை உப்புப் பூத்து, கையால் தடவினால் மாவு மாதிரி கொட்டும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். யாரோ நல்லெண்ணத்தில் அதன்மேல் சிமெண்ட் பூசியிருப்பார்கள். ஈரம் வெளியே போக வழியில்லாமல் மேலே மேலே ஏறும், அப்புறம் பூச்சு பாளமாக விழும். நான் பார்த்த வீடுகளில் வயதால் கெட்ட சுவர் குறைவு, சிமெண்ட்டால் கெட்ட சுவர் அதிகம். இதைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது, ஏனென்றால் செலவு செய்துதான் கெடுக்கிறார்கள்.

அறைஎண்31

மாடியில் நான்கு மாணவர்கள் என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

2004 முதல் 2006 வரை அங்கே ஒரு மேன்ஷனில், தனி ஆட்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விடும் விடுதியில், இருந்தேன். எம்.ஏ. படித்தேன். அறை எட்டுக்குப் பத்து. இரண்டு கட்டில், நடுவில் ஒரு ஆள் திரும்பலாம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு மொட்டை மாடி. காலையில் அந்த வீட்டு மாமி வடகம் காய வைப்பார். மழை தூறினால், "தம்பிகளா, கொஞ்சம் எடுத்து வைங்கப்பா" என்று கீழே இருந்து குரல் கொடுப்பார். நாங்கள் சுவர் ஏறிக் குதித்து எடுத்து வைப்போம். எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது மூன்று வாரம் மோரும் குழைந்த சாதமும் அந்த வீட்டிலிருந்து வந்தது. ஊரில் என் அம்மாவுக்கு நான் அதைச் சொல்லவே இல்லை, பயந்துவிடுவார் என்று.

மத்தியானச் சாப்பாடு அக்பர் சாகிப் தெரு காசி விநாயகா மெஸ்ஸில், டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருந்து. பணம் வரும் முதல் வாரத்தில் ஒருநாள் ரத்னா கபேயில் இட்லி மூழ்குமளவு சாம்பார். பாடப் புத்தகம் பாதி பைகிராப்ட்ஸ் ரோடு நடைபாதைக் கடைகளில் வாங்கியது (பாரதி சாலை என்று பெயர் மாறி எத்தனையோ காலம் ஆகிறது, எங்கள் வாயில் அது வரவில்லை). ஒரு நிகண்டுப் பதிப்பை 40 ரூபாய்க்கு வாங்கினேன், உள்ளே முன்னால் வைத்திருந்தவர் பென்சிலில் எழுதிய குறிப்புகள். அவரும் இதே சாலையில் நடந்து அதே வகுப்புக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

மாணவர்கள் சத்தம் போடுவார்கள், உண்மைதான். தேர்வு முடிந்த ராத்திரி தூங்க விடமாட்டார்கள். ஆனால் மேலே அக்கா சொன்னாரே, பூட்டிய வண்டியைத் தூக்கி வைத்த பையன், அவனும் மாடியில் இருந்தவன்தான்.

விலகிவந்தவள்

ஆமாம் தம்பி. அவன் இப்போது தேனியில் ஆசிரியர். அப்பா இறந்தபோது வந்திருந்தான்.

ஆய்வில்இருக்கிறேன்

நான் இப்போது அதே வளாகத்தில் மூன்றாம் ஆண்டு ஆய்வு மாணவி. உங்கள் மனைவிக்கு இந்த வீட்டால் கிடைக்கப்போவது நேரம். நூலகத்தில் சாயங்காலம் ஆறு மணி வரை உட்கார்ந்துவிட்டு, ஆறேகாலுக்கு வீட்டில் இருக்கலாம். ஊரப்பாக்கத்திலிருந்து வருகிறவர் மூன்றரை மணிக்கே பையைத் தூக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸை ஒட்டி நடந்து போகும்போது, 1879-ல் கட்டி முடித்த அந்தச் சிவப்புக் கட்டடத்தின் மேல் வெயில் சாயும். தினமும் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

ஆனால் யாரும் இங்கே பேசாத ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களுக்கு இந்த வீடு சுலபமாகக் கிடைத்திருக்கிறது. நான் தனியாக வீடு தேடியபோது பதினொரு வீடு ஏறி இறங்கினேன். சில இடங்களில் தனிப் பெண்ணுக்கு இல்லை என்றார்கள். சில இடங்களில் அசைவம் சமைப்பீர்களா என்றார்கள். மூன்று இடங்களில் என்ன ஆட்கள் என்று நேராகவே கேட்டார்கள். கோயிலை ஒட்டிய ஒரு வீட்டில், எல்லாம் பேசி முடித்த பிறகு என் ஊர்ப் பெயரையும் தெருவையும் கேட்டுவிட்டு, "வேற ஆளுக்குச் சொல்லிட்டோம்மா" என்றார்கள். இரண்டு வாரம் கழித்தும் அந்த வீட்டு வாசலில் டு-லெட் பலகை தொங்கியது. கடைசியில் பெரிய பள்ளிவாசல் பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பம், ஒரு கேள்வியும் கேட்காமல் மாடி அறையைக் கொடுத்தது.

பெரியவரே, இடம் கொடுத்தே வளர்ந்த ஊர் என்று எழுதினீர்கள். யாருக்கெல்லாம் கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெரியதெருக்காரர்

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். என் தெருவிலேயே அப்படிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். என் அப்பாவும் கேட்டிருக்கிறார். நான் வாடகைக்கு விடும் அறைக்கு ஆதார் நகலும் வாடகை ஒப்பந்தமும் தவிர எதுவும் கேட்பதில்லை என்று இன்றைக்குச் சொல்ல முடியும். ஆனால் அதற்கு நான் வந்து சேர எனக்கு ஐம்பது வயது ஆனது. நீங்கள் சொன்னதே சரி.

ஏழுபங்கு

வீட்டுக்காரர் பக்கத்தையும் கேளுங்கள். எங்கள் தாத்தா வீடு அங்கேதான், இப்போது ஏழு பேருக்குப் பங்கு. இரண்டு பேர் வெளிநாட்டில். கூரை ஒழுகினால் யார் பணம் போடுவது என்று ஏழு பேரும் ஒத்துக்கொள்ள ஒரு வருடம் ஆகிறது. அதற்குள் மழைக்காலம் வந்துவிடுகிறது.

குடும்பத்துக்கு விட்டால் கீழ்த்தளத்துக்கு 15,000 வரும். பலகைத் தடுப்பு போட்டு, எட்டுக் கட்டில் வைத்து, தலைக்கு இவ்வளவு என்று மாணவர்களுக்கு விட்டால் 36,000. என் சித்தப்பா அதைத்தான் செய்தார். முற்றத்தை ஷீட் போட்டு மூடினார், கிணற்றின் மேல் கழிப்பறை கட்டினார். பையன்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் போக வேறு இடம் இல்லை. ஆனால் வெளிச்சமும் காற்றும் அடைபட்ட பிறகு நான்கே வருடத்தில் சுவர் கறுத்துவிட்டது. இப்போது பில்டர் ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார், ஆறு பேர் சம்மதம். ஏழாவது ஆள் நான். கையெழுத்துப் போடவில்லை, எத்தனை நாள் தாங்குவேன் என்று தெரியவில்லை. அந்த ரேழியில்தான் என் பாட்டி எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார்.

கடலோரம் தம்பி, அந்த 74 வயது அம்மா வீட்டை இன்னும் பிரிக்காமல், மேலே மாணவர்கள், பின்னே குடும்பம் என்று விடுகிறார் என்றால், அவர் வருமானத்தை விட்டுக்கொடுத்துத்தான் வீட்டைக் காப்பாற்றுகிறார். பத்து மாத முன்பணம் அதிகம், அதைப் பேசிக் குறையுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவும் செய்யுங்கள். அது இரண்டு பேருக்கும் பாதுகாப்பு.

கடலோரம்82

சனிக்கிழமை அம்மா, மனைவி, மகள் எல்லோரோடும் போய்விட்டு வந்தேன்.

தெரு பதினொரு அடி. ஆம்புலன்ஸ் வாசல் வரை வராது. ஆனால் எங்கள் வீடு முனையிலிருந்து நான்காவது வீடு, நானே அடி வைத்து அளந்தேன், 38 அடி. விலகிவந்தவள் அக்கா சொன்னது போல அம்மாவை நடக்கவைத்தேன். மொத்தம் ஐந்து படி. இரண்டுக்குக் கைப்பிடி வைக்க வேண்டும். கழிப்பறையை மேலைநாட்டு முறைக்கு மாற்ற வீட்டுக்கார அம்மா ஒத்துக்கொண்டார், செலவு பாதிப்பாதி.

கட்டை முனைகளில் அழுத்திப் பார்த்தேன். பெரிய அறையில் ஒன்பது கட்டை. எட்டு கல் மாதிரி இருந்தது. கொல்லைப் பக்கக் கடைசிக் கட்டையில் ஸ்க்ரூடிரைவர் ஒரு விரல்கடை உள்ளே போனது. அதற்கு நேர் மேலே மாணவர்களின் தண்ணீர் டிரம். மேலே போய்ப் பேசினேன், அவர்களே அன்று சாயங்காலம் அதைக் காலிசெய்து நகர்த்திவிட்டார்கள். அதில் ஒருவர் கணிதம் படிக்கிறார், ராமநாதபுரத்துக்காரர். அனுமந்தராயன் கோயில் தெரு பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது, என் மகளை அங்கே அழைத்துப்போவதாகச் சொன்னார்.

முன்பணம் நான்கு மாதத்துக்குப் பேசி முடித்தோம். ஒப்பந்தம் எழுதுகிறோம்.

கிளம்பும்போது வீட்டுக்கார அம்மா ஒன்று சொன்னார். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது மேலே ஒரு கல்லூரி விரிவுரையாளர் குடும்பம் இருந்ததாம், தினமும் சாயங்காலம் திண்ணையில் பையன்களுக்குப் பாடம் நடக்குமாம். "உன் வீட்டுக்காரி படிக்கிறாளே, விளக்கு போட்டுத்தரேன், திண்ணையிலயே உக்காந்து படிக்கலாம்" என்றார். மனைவி பதில் சொல்ல முடியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த மாதம் முதல் வாரம் குடியேறுகிறோம். ஓதம் ஏறிய சுவர் மட்டும் பாக்கி. அதற்குள் வெள்ளையடித்துவிடலாமா?

சுண்ணாம்புச்சாந்து

அடிக்காதீர்கள். பெயிண்ட் கடையில் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள். கீழே நாலடி உயரத்துக்குச் சிமெண்ட் பூச்சை முதலில் கொத்தி எடுக்க வேண்டும், செங்கல்லை மூன்று வாரமாவது காற்றாட விட வேண்டும், அப்புறம்தான் சுண்ணாம்புப் பூச்சு. அந்தக் கடைசிக் கட்டையையும் நான் ஒருமுறை பார்க்கிறேன். வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிவையுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என் கொத்தனாரோடு வருகிறேன். பார்ப்பதற்குக் காசு வேண்டாம்.

ஏழுபங்கு

சார், அப்படியே எங்கள் வீட்டையும் ஒருமுறை பார்க்க முடியுமா? பழுது பார்க்க எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் கொடுத்தால் மற்ற ஆறு பேரிடமும் காட்டுவேன். நடந்து போகிற தூரம்தான்.

சுண்ணாம்புச்சாந்து

முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஒன்பது மணிக்கு அங்கே இருப்பேன். முற்றத்து ஷீட்டை மட்டும் ஒரு ஓரமாகக் கழற்றிவையுங்கள், வெளிச்சத்தில் சுவரைப் பார்க்க வேண்டும்.